மூன்று மாதம் நிறுத்திப் பார்

பணிமனையில் எல்லோரும் அவரை நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளியே ஒரு நிமிடம் விழிப்பார். இருபத்தாறு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. குறுக்கே பாய்கிறவர்களைத் திட்ட மாட்டார். வண்டிகளுக்கு நேரம் குறிக்கிற டைம் கீப்பர் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டாலும் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுப்பார். அந்த நிதானத்துக்குள் என்ன இருக்கிறது என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். பகலெல்லாம் விழுங்கிய கோபத்தைத் தூக்கத்தில் நறநறவென்று பல்லால் அரைத்துத் தீர்ப்பார். கடைவாய்ப் பற்கள் இரண்டு தேய்ந்து தட்டையாகியிருந்தன.

ஐம்பத்தொரு வயதில், வருடாந்திரப் பரிசோதனையில், ரத்தத்தில் கொழுப்பு இருநூற்று அறுபத்தெட்டு என்று வந்தது. பணிமனைக்கு வரும் டாக்டரம்மா தாளைத் திருப்பிக் காட்டி, கெட்ட கொழுப்பு என்று எழுதியிருந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார். அது நூற்று எழுபத்தெட்டு. ரத்தக் குழாயின் உள்சுவரில் இது கொஞ்சம் கொஞ்சமாகப் படியும், வலிக்காது, ஒன்றும் தெரியாது, ஒருநாள் அடைக்கும் என்று அவர் விளக்கினார். நிதானம் கோடு போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா ஐம்பத்தெட்டு வயதில், சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில், குழாயைத் திறந்தபடியே சாய்ந்து போனவர். தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா அவரைக் கேள்விகளால் துருவினார். சிகரெட் இல்லை. சர்க்கரை இல்லை. நெஞ்சுவலி வந்ததில்லை. கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: "உங்களுக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். சாப்பாட்ட மாத்துங்க, நடங்க, தூங்குங்க, டென்ஷனக் குறைங்க. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம். குறையலன்னா மாத்திரைதான்."

இந்தப் பேச்சில் 'உங்களுக்கு' என்ற சொல் ஒன்று இருந்தது. பின்னால் நிதானம் இதைப் பத்துப் பேரிடம், இருபது பேரிடம் சொன்னபோதெல்லாம் அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து விழவே இல்லை.

மனைவி பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். எதையும் ஒழுங்கு முறையோடு செய்யாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். மகன் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டதால் வீட்டில் இரண்டே பேர். இரண்டு பேருக்கு மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் எங்கே போயிற்று என்று அவர் முதல்நாளே கேள்வி எழுப்பினார். அன்றிலிருந்து எண்ணெய் கரண்டிக்குப் பதில் தேக்கரண்டியில் இறங்கியது. காலையில் ஓட்ஸ் கஞ்சி. முதல் வாரம் சுவரொட்டி ஒட்டுகிற பசையைத் தின்பது போல இருந்தது என்று நிதானமே ஒப்புக்கொண்டார். மதியத்துக்கு வேகவைத்த பயறு, கீரை, தோலோடு பழம். ஆட்டிறைச்சி போய் மீன் வந்தது, அதுவும் பொரிக்காமல். மாலையில் உப்புப் போடாத நிலக்கடலை ஒரு பிடி. ஒவ்வொரு முனையிலும் வண்டி நிற்கும்போது ஒரு டீ, கூடவே இரண்டு பிஸ்கட் என்று நாளைக்கு எட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர், இரண்டு டீயோடு நிறுத்தினார்.

நடைதான் பெரும்பாடாக இருந்தது. இருபத்தாறு வருடத்தில் பூமியைப் பல தடவை சுற்றி வந்திருப்பார், எல்லாம் உட்கார்ந்தபடியே. முதல் காலை பணிமனைச் சுற்றுச்சுவரை ஒரு சுற்று நடந்ததற்கே முழங்கால் கெஞ்சியது. நான்காவது வாரத்தில் நாற்பது நிமிடம் நிற்காமல் நடந்தார். பணிமனைக்குப் பின்னால் கால்வாய் ஓரமாக ஒரு பாதை போகிறது. தண்ணீர் நாறும், ஆனால் வண்டி வராது. விடிந்ததும் அங்கே போய்விடுவார்.

டென்ஷனைக் குறைப்பது எப்படி என்று டாக்டரம்மா எழுதிக் கொடுக்கவில்லை. அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட்டார். ஹாரனை அடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். அதைவிடப் பெரிய காரியம், ஒருநாள் டைம் கீப்பர் வழக்கம்போலக் கூடுதல் டிரிப் ஒன்றை அவர் தலையில் கட்டப் பார்த்தபோது, "இத நான் எடுக்கல சார்" என்று சொன்னது. டைம் கீப்பர் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நிமிர்ந்து பார்த்தார். நிதானம் அதையே இன்னொரு தடவை சொன்னார். அந்த வாரத்திலிருந்து தூக்கத்தில் பல் கடிப்பது நின்றுபோனது. மனைவிதான் கவனித்துச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து இருநூற்றுப் பதினான்கு. கெட்ட கொழுப்பு நூற்று இருபத்தெட்டு. எடையில் ஏழு கிலோ போயிருந்தது. டாக்டரம்மா எழுந்து நின்று கை கொடுத்தார்.

பணிமனையில் செய்தி காட்டுத்தீ போலப் பரவியது. மாத்திரை தொடாமல் நிதானம் கொழுப்பைக் கரைத்துவிட்டார் என்றார்கள். தொழிற்சங்கச் செயலாளர் ஓய்வறையில் பத்து நிமிடம் பேசச் சொன்னார். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் முதல்முறையாக நாற்பது பேர் முன்னால் பேசினார். நாற்பது பேரும் கேட்டார்கள். அந்த ருசி அவருக்குப் பிடித்துப்போனது. அடுத்தவர் டிபன் பாக்ஸை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். கேன்டீன்காரர், "நிதானம் வர்றாரு, வறுவல மூடு" என்று சொல்வது எல்லோருக்கும் வேடிக்கையாகிவிட்டது. அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த நாலைந்து மாதம் போல அவர் வாழ்க்கையில் சந்தோஷமான காலம் இருந்ததில்லை.

அவரோடு பதினோரு வருடமாக ஒரே வண்டியில் போகிற கண்டக்டரை எல்லோரும் விசில் என்று கூப்பிடுவார்கள். துறை கொடுத்த விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, நாக்கை மடித்து வாயாலேயே ஊதுவான். நாற்பத்தேழு வயது. நிதானத்துக்கு அவன் கூடப் பிறக்காத தம்பி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு மாரடைப்பு வந்தது, பிழைத்துக்கொண்டான். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்கிற கம்பிச் சுருளை வைத்து, கொழுப்புக்கு ஒரு மாத்திரை ஆயுசு முழுக்க தினமும் சாயங்காலம் போட வேண்டும், ஒருநாள்கூட விடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாள் முழுக்க ஓடுகிற வண்டியில் நிற்கிற வேலை அவனுக்கு. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். மாத்திரைதான் காரணம் என்று யாரோ சொல்ல, அதையே பிடித்துக்கொண்டான்.

நிதானத்தோடு காலை நடைக்கு அவனும் வர ஆரம்பித்திருந்தான். ஒருநாள் மதியம், வழித்தடத்தின் கடைசி நிறுத்தத்தில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த சிமெண்டு பெஞ்சில் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். அடுத்த டிரிப்புக்கு இருபது நிமிடம் இருந்தது. விசில் காலை நீட்டி, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னான்:

"உங்களுக்கு மாத்திரை இல்லாமலே அம்பது இறங்கிடுச்சு. நான் மாத்திரையும் போட்டு, வலியும் படுறேன். நடந்தாத்தான் நல்லதுங்குறீங்க. நடக்கக் காலு வேணாமாண்ணே?"

நிதானம் பயறு ஒரு வாய் போட்டு மென்று முடித்தார். பிறகு சொன்னார்:

"மூணு மாசம் நிறுத்திப் பாரு. நான் செய்றத அப்படியே செய். மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடு. ஏறியிருந்தா திரும்பப் போட்டுக்க. குடியா முழுகிடப் போகுது?"

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா போடுன்னுதான் சொல்லுவாங்க. அவங்க தொழில் அது."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு இருவரும் கை கழுவிவிட்டு வண்டியை எடுத்தார்கள். ஆனால் நிதானம் பின்னால் ஒவ்வொரு நாளும் இந்தப் பேச்சை மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டார். பயறில் உப்பு குறைவாக இருந்ததுகூட ஞாபகம் இருந்தது.

இரண்டு வாரத்தில் விசிலுக்குக் கால்வலி விட்டுப்போனது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் நிதானத்துக்கு ஒரு ஆப்பிள் வாங்கி வந்து டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். கால்வாய்ப் பாதையில் அவரை முந்திக்கொண்டு நடந்தான். வறுத்தது பொரித்தது எல்லாவற்றையும் விட்டான். வீட்டில் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். மாரடைப்பு வந்த நாளிலிருந்து மனைவிக்கு எதற்கெடுத்தாலும் பயம், டெஸ்ட் முடிவு வந்ததும் தாளோடு போய்க் காட்டி அசத்திவிடுகிறேன் என்றான். நிதானத்துக்கு உள்ளே ஏதோ முள் போல நெருடியது. அதையும் பழக்கம்போல விழுங்கிவிட்டார்.

டெஸ்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, காலை இரண்டாவது டிரிப். ஆபீஸ் கூட்டம், வண்டியில் கால் வைக்க இடமில்லை. சந்தை நிறுத்தத்தில் ஆள் ஏறி முடிந்தும் விசில் சத்தம் வரவில்லை. நிதானம் கண்ணாடியில் பார்த்தார். விசில் பின்கதவுப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தான். டிக்கெட் கொடுக்கிற நேரத்தில் அவன் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். வண்டியை ஓரமாக நிறுத்தி, கூட்டத்துக்குள் புகுந்து போய்ப் பார்த்தார். சட்டை தொப்பலாக நனைந்து, முகம் சாம்பல் பூசிய மாதிரி இருந்தது.

"கேஸ்தான்ணே," என்றான் விசில். "கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்."

நிதானம் வண்டியில் இருந்தவர்களைப் பார்த்து, இங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறேன், இறங்குகிறவர்கள் இப்போதே இறங்கிவிடுங்கள் என்று சொன்னார். நாலைந்து பேர் இறங்கினார்கள். ஒருவர் ஆபீசுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனார். அந்த அம்மாவே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, விசிலின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார்.

ஆறேழு மாதமாக ஹாரனைத் தொடாதவர் அன்று கையை எடுக்கவே இல்லை. ஆறு நிறுத்தங்களில் கை காட்டியவர்களை விட்டுவிட்டுப் போனார். சிவப்பு விளக்கில் நிற்கவில்லை. பதினோரு நிமிடத்தில் ஆஸ்பத்திரி. வாசல் வளைவு தாழ்வாக இருந்ததால் பேருந்து உள்ளே நுழையாது. அவரும் பயணிகள் இரண்டு பேரும் விசிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியில் ஒருதரம் விசில் அவர் சட்டையைப் பிடித்தான். ஏதோ சொல்ல வந்தான். சொல்லவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டே, ஏற்கெனவே அட்டாக் வந்திருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்டென்ட் வைத்தது, மாத்திரை இப்போது சாப்பிடவில்லை என்றார் நிதானம். டாக்டர் கையை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பினார்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"தெரியல சார்."

அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து சுவரோரம் நின்றார். நாற்பது நிமிடம் கழித்து அந்த டாக்டர் வந்து, எவ்வளவோ முயன்றோம், முடியவில்லை என்றார். கொண்டுவந்த பயணிகள் இருவரில் ஒருவர் அதுவரைக்கும் போகாமல் காத்திருந்தார். யார் எவரென்று தெரியாத அந்த ஆள்தான் நிதானத்தின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். வெளியே பேருந்து பாதையை மறித்துக்கொண்டு நிற்பதாகச் சொல்லி ஆஸ்பத்திரிக் காவலர் வந்தார். நிதானம் எழுந்து போய், காலியாக இருந்த வண்டியை எடுத்துப் பணிமனையில் கொண்டுபோய் விட்டார். கைதான் ஓட்டியது. தடத்தின் நடுவில் வண்டியைத் திருப்பியதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. டைம் கீப்பரே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

விசிலின் மனைவி ரொட்டிக் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவர். ஒரே மகள், இருபத்திரண்டு வயது, கண்ணாடிக் கடையில் வேலை. இரண்டு வாரம் போனதும் அந்தம்மா துறைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சீருடை, டிக்கெட் இயந்திரப் பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பணிமனைக்கு வந்தார். விசிலின் அலமாரியையும் காலி செய்ய வேண்டியிருந்தது. டைம் கீப்பர் பூட்டைத் திறந்தார். நிதானமும் கூட நின்றார். உள்ளே ஒரு துண்டு, சீப்பு, பழைய செருப்பு, அதன் பின்னால் மிட்டாய் டப்பா ஒன்று. அந்தம்மா டப்பாவைத் திறந்தார். உள்ளே முழுக்க மாத்திரை. உறையில்லாமல், உதிரியாக, ஈரம் பட்டுச் சில மஞ்சளித்துப்போய்.

அந்தம்மா ஒரு மாத்திரையை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அண்ணே, இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

டைம் கீப்பர் பக்கத்தில் நின்றார். கதவருகில் இன்னும் இரண்டு பேர். நிதானம் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி. அந்தம்மா டப்பாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நிதானம் டாக்டரம்மாவிடம் போனார். குற்றம் தன்னுடையது இல்லை என்று படித்தவர் ஒருவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மாத்திரை போட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அப்புறம், அதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, மாத்திரை போட்டும் சிலருக்கு வரும், ஆனால் ஒருதரம் அடைத்துத் திறந்த குழாய்க்கு அந்த மாத்திரை ஒரு காவல், காவலை எடுத்துவிட்டால் ஆபத்து கூடத்தான் செய்யும் என்றார். கால்வலி என்று வந்து சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார்கள், இல்லையென்றால் வேறு மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதற்கெல்லாம் வழி இருக்கிறது என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னதுதான் அவரை உட்கார்ந்த இடத்திலேயே நொறுக்கியது.

"உங்களுக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். நடையும் சாப்பாடும் அவருக்கும் நல்லதுதான். ஆனா மாத்திரையோட சேர்த்து. அவருக்கு மாத்திரை வேண்டாம்னு நான் சொல்லலையே."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார். ஆஸ்பத்திரியில் தெரியாது என்று சொன்னதையும் மறைக்காமல் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்ததும் மனைவி, "போய்ச் சொல்லிடுங்க," என்றார். "நான் கூட வரமாட்டேன். நான் வந்தா உங்களுக்காகப் பேசுவேன். அது கூடாது."

போவதற்கு அவருக்கு நான்கு நாள் ஆயிற்று. இரண்டு தடவை அந்தத் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பினார். மூன்றாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டினார். ரொட்டிக் கம்பெனிக்குப் பின்புறத்துச் சந்தில், முன்னறையும் சமையலறையும் மட்டும் உள்ள வீடு. மகள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தம்மா, "வாங்கண்ணே, உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, சிமெண்டு பெஞ்சில் பேசியதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னார். டாக்டரிடம் கேட்கலாமா என்று விசில் கேட்டதையும், அதற்குத் தான் சொன்ன பதிலையும் சொன்னார்.

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அந்தம்மா முகத்தில் கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அப்படி ஒன்றும் வரவில்லை.

"எத்தனை நாளு?"

"எழுபத்தெட்டு நாள், தங்கச்சி."

"அத்தனை நாளும் நான்தான் டம்ளர்ல தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன்," என்றார் அந்தம்மா. "வாயில போட்டு முழுங்கிக் காட்டுவாரு. நாக்குக்கு அடியில வச்சிருந்திருக்காரு. தண்ணி போதுமான்னு வேற கேப்பேன்."

பிறகு அந்தம்மா கதவருகில் போய் நின்றார். "போங்க," என்றார். அண்ணே என்று சேர்க்கவில்லை.

இதற்கப்புறம் நிதானம் தேய்ந்துபோனார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் தடத்தில் ஓட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்து வேறு தடத்துக்கு மாறினார். பணிமனையில் அவரை யாரும் குறை சொல்லவில்லை. விதி என்றார்கள், அவனுக்குத் தெரியாதா, சின்னப் பிள்ளையா என்றார்கள். ஆனால் என்ன சாப்பிடலாம் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. கேன்டீன்காரர் அவரைப் பார்த்ததும் வேடிக்கையாக எதையும் மூடுவதில்லை, பேசாமல் டீ ஊற்றிக் கொடுப்பார். கால்வாய்ப் பாதைப் பக்கமே அவர் போகவில்லை. தூக்கம் போனது. பல் கடிப்பது திரும்பி வந்தது. மனைவி அதே கஞ்சியைத்தான் காய்ச்சிக் கொடுத்தார், அதே பயறைத்தான் வேகவைத்தார். பாதியைத் தின்றுவிட்டு மீதியை அப்படியே திருப்பிக் கொண்டுவருவார். ஆறு மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் மறுபடியும் ஏறி இருநூற்று ஐம்பத்தொன்று. ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. டாக்டரம்மா இந்தத் தடவை மாத்திரை எழுதினார். நிதானம் சீட்டை வாங்கிக்கொண்டு நேராக மருந்துக் கடைக்குப் போனார்.

மனைவி ஒருநாள் பொறுக்க முடியாமல், நடையை ஏன் விட்டீர்கள், நடந்ததா குற்றம் என்று கேட்டார். அன்றிலிருந்து மனைவி தன் செருப்பையும் மாட்டிக்கொண்டு அவரை இழுத்துக்கொண்டு போனார், கால்வாய்க்கு இல்லை, வீட்டுக்குப் பின்னால் இருந்த விளையாட்டு மைதானத்துக்கு. இரண்டு பேரும் பேசாமல் சுற்றி வருவார்கள். தண்டனைக்கு நடக்கிறவர் மாதிரி அவர் நடப்பார்.

விசில் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆனபிறகு ஒரு சனிக்கிழமை, அந்தம்மா மகளோடு வீட்டுக்கு வந்தார். வந்தது நிதானத்தின் மனைவியைத் தேடி. நிதானம் உள்ளறையில் இருந்தார். சமையலறையில் பேசுவது காதில் விழுந்தது. மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். அப்பனுக்குச் சின்ன வயதிலேயே வந்ததால் பார்த்துவிடச் சொன்னாராம் டாக்டர். இருநூற்று நாற்பது. இப்போதைக்குச் சாப்பாடும் நடையும் போதும், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று அந்த டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னென்ன சமைப்பது என்று கேட்டுப் போகத்தான் வந்தார்கள்.

மனைவி, தனக்கு அளவெல்லாம் வாயால் சொல்ல வராது, அவரே எழுதித் தரட்டும் என்று உரக்கச் சொன்னார். உள்ளறைக்குக் கேட்க வேண்டும் என்றுதான் உரக்கச் சொன்னார்.

நிதானம் பள்ளிக்கூட நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து உட்கார்ந்தார். எழுத முக்கால் மணி நேரம் ஆனது. முதல் வரியில், டாக்டர் எப்போது மாத்திரை கொடுத்தாலும் போட வேண்டும், அவரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது, வலியோ தொந்தரவோ இருந்தால் அவரிடமே சொல்ல வேண்டும் என்று எழுதினார். அதற்குக் கீழே கஞ்சி, பயறு, எண்ணெயின் அளவு, நடக்கும் நேரம், தூங்கும் நேரம், மூச்சு எண்ணுகிற விதம் எல்லாம். எழுதி முடித்து, சமையலறை வாசலில் நின்று நீட்டினார்.

அந்தம்மா தாளை வாங்கி, உதடு அசையப் படித்தார். முதல் வரியை இரண்டு தரம் படித்தார்.

"இத அவருக்கும் எழுதிக் குடுத்திருக்கலாம்," என்றார்.

நிதானம் தலை குனிந்து நின்றார். அவர் மனைவி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மகள் அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். அந்தம்மா மீதியையும் கடைசி வரைக்கும் படித்துவிட்டு, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"கடலை ஒரு பிடின்னு எழுதியிருக்கு. யாரு பிடிக்கு?"

அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய அகலமான கை. பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தார்.

"அவ கையால ஒரு பிடி," என்றார். "உப்பு இல்லாம."

அந்தம்மா தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மனைவி கொடுத்த தண்ணீரை மகள் மட்டும் குடித்தாள். இருவரும் கிளம்பிப் போனார்கள்.